இறையிலி நிலத்தின் நகரம்: ஆன் ஆர்பர் மாறிய விதம்

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில், லிபர்ட்டி தெருவும் ஸ்டேட் தெருவும் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அகன்ற கட்டிடம் இருக்கிறது. முன்பு அங்கே ஜேக்கப்சன்ஸ் என்ற துணிக்கடை இருந்தது. ஊரின் வசதியான குடும்பங்கள் கோட்டும் திரைச்சீலையும் வாங்கிய இடம். 1994இல் பார்டர்ஸ் புத்தகக் கடை அங்கே குடியேறியது. 2011 செப்டம்பரில் அதுவும் மூடப்பட்டது. பின்னர் கட்டிடத்தைத் துண்டுபோட்டுத் தரைத்தளத்தை உணவகத்துக்கும் மேல்தளத்தை அலுவலகங்களுக்கும் விட்டார்கள். முதலில் துணி, பிறகு புத்தகம், பிறகு சாப்பாடும் கணினி மேசைகளும். அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு கல்லூரி நகரம் ஐம்பது ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே போனது என்பதற்கு அந்த ஒரு முகவரி போதும்.

ஏன் போனது என்பதற்கு அது போதாது. உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் மூன்று காரணங்கள் உடனே வரும்: கட்டுமான முதலாளிகளின் பேராசை, நகராட்சிக் கவுன்சிலின் அசட்டை, இணைய வணிகம். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஓடுவது பல்கலைக்கழகத்தின் வரவு செலவு. ஊரிலேயே பெரிய நிலக்காரர், பெரிய முதலாளி, வாடகைதாரர்களை அழைத்துவரும் பெரிய தரகர் எல்லாம் மிச்சிகன் பல்கலைக்கழகமே. அதன் நிலத்துக்குச் சொத்து வரி கிடையாது. பழைய சொல்லில் சொன்னால் இறையிலி நிலம். எந்த நிறுவனம் ஊரைவிட்டுப் போனாலும் அது விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இந்த இறையிலிக் கணக்கில்தான் சேர்கிறது.

இரண்டு கடைவீதிகள்

ஆன் ஆர்பர் 1824இல் இரண்டு நில வியாபாரிகள் வாங்கி மனை போட்ட ஊர். மாநிலத் தலைநகரம் தங்கள் ஊருக்கு வரும் என்று எதிர்பார்த்து உள்ளூர் நிலக் கம்பெனி 40 ஏக்கரை ஒதுக்கி வைத்திருந்தது. தலைநகரம் வரவில்லை. 1837இல் அந்த 40 ஏக்கரைக் காட்டி, டெட்ராய்ட்டில் பெயரளவுக்கு இருந்த பல்கலைக்கழகத்தை இழுத்துக்கொண்டார்கள். இன்றும் அதுவே வளாகத்தின் மையம். குறுக்குப் பாதைகள் ஓடும் அந்தத் திடலை எல்லோரும் டயாக் என்றே சொல்கிறார்கள். மனை விற்பதற்காகச் செய்த ஓர் ஏற்பாடு, ஊரின் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளுக்கான தலையெழுத்தாகிவிட்டது.

வளாகம் ஊருக்குக் கிழக்கே அமைந்ததால் கடைவீதியும் இரண்டானது. மேற்கே மெயின் தெரு, ஜெர்மானியக் குடியேறிகளின் வழியில் வந்தவர்களுடையது: இரும்புக் கடை, தையல் கடை, வங்கி, நீதிமன்றம். கிழக்கே ஸ்டேட் தெரு, மாணவர்களுடையது: புத்தகம், காபி, திரையரங்கு. நடந்தால் பத்து நிமிடத் தொலைவு. ஆனால் ஒன்றின் வாடிக்கையாளர் மற்றொன்றில் அதிகம் தென்பட மாட்டார். இரண்டுக்கும் இடையிலும் சுற்றிலும் மரத்தாலான இரண்டு மாடி வீடுகள், முன்புறம் திண்ணை போன்ற தாழ்வாரம். மாணவர்கள் வாடகைக்கு எடுத்த வீடு எது என்று தாழ்வாரத்தில் கிடக்கும் பழைய சோபாவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2010இல் ஒரு வீட்டில் தீப்பற்றி மாணவர் ஒருவர் இறந்த பிறகு நகராட்சி அந்தச் சோபாக்களைத் தடை செய்தது.

1969இல் கட்டி முடிக்கப்பட்ட 26 மாடி டவர் பிளாசாதான் நகர மையத்தின் உயரமான கட்டிடம். அதைப் பார்த்து ஊர் திடுக்கிட்டது. பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அதற்குப் பக்கத்தில் நிற்கும்படி எதையும் கட்ட விடாமல் பார்த்துக்கொண்டது. 1970இல் ஏறத்தாழ ஒரு லட்சமாக இருந்த மக்கள்தொகை 2000இல் 1,14,024. முப்பது ஆண்டுகளில் பதினாலு ஆயிரம் பேர் என்பது மெதுவான வளர்ச்சி. ஊர் அப்படியே இருக்கிறது என்ற எண்ணம் அந்த வருடங்களில்தான் வேர்விட்டது.

கலகத்தின் காலம்

அமெரிக்கர்கள் பலருக்கு ஆன் ஆர்பர் என்றதும் நினைவுக்கு வருவது அறுபதுகளின் கலகம். ஜான் கென்னடி 1960 அக்டோபரில் மாணவர் மன்றத்தின் படிக்கட்டில் அதிகாலை இரண்டு மணிக்குப் பேசிய பேச்சிலிருந்து அமைதிப் படை (பீஸ் கார்ப்ஸ்) என்ற, இளைஞர்களை வெளிநாடுகளுக்குத் தொண்டு செய்ய அனுப்பும் திட்டம் முளைத்தது. வியட்நாம் போருக்கு எதிராக 1965 மார்ச்சில் ஆசிரியர்களும் மாணவர்களும் இரவு முழுக்க விழித்திருந்து நடத்திய விவாதக் கூட்டம், நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களுக்குப் பரவிய முன்மாதிரி. 1972இல் மனித உரிமைக் கட்சி என்ற சிறிய இடதுசாரிக் கட்சி கவுன்சிலில் இரண்டு இடங்களைப் பிடித்தது. 1974 ஏப்ரலில் அதே கட்சியின் சார்பில் கேத்தி கோசசெங்கோ என்ற 21 வயது மாணவி வென்றார். தன்பால் ஈர்ப்பை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அமெரிக்காவில் தேர்தலில் வென்ற முதல் ஆள் அவர். அதே தேர்தலில், கஞ்சா வைத்திருந்தால் 5 டாலர் அபராதம் மட்டுமே என்ற விதியை வாக்காளர்கள் நகர சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு சின்ன விவரத்தை விட்டுவிடுகிறார்கள். அப்போது நகரத் தேர்தல் ஏப்ரலில் நடந்தது. மாணவர்கள் ஊரில் இருக்கும் மாதம். வாக்குரிமை வயதும் 1971இல்தான் 18 ஆகக் குறைந்திருந்தது. பின்னாளில் தேர்தல் நவம்பருக்கு மாறியது. ஊர் முழுக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டையாகிவிட்டதால், உண்மையான போட்டி அக்கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முடிந்துவிடுகிறது. அது நடப்பது ஆகஸ்டில். விடுதிகளும் வாடகை வீடுகளும் காலியாகக் கிடக்கும் மாதம். வார்டுகளும் நகர மையத்திலிருந்து விளிம்பு வரை முக்கோணமாக வெட்டப்பட்டவை. வளாகத்தைச் சுற்றி ஒரே இடத்தில் நெருக்கமாக வாழும் மாணவர் கூட்டம் அதனால் ஐந்து வார்டுகளிலும் சிதறிப்போகிறது. ஆக, தேர்தல் மாறியதிலிருந்து நகரத்தின் முகத்தை முடிவு செய்துவருபவர்கள் அதில் நிலையாகக் குடியிருக்கும் வீட்டுக்காரர்கள். கட்டிட உயரம் பற்றிய சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்தத் தேர்தல் நாட்காட்டி மிகவும் உதவும்.

துணிக்கடை போய் சாப்பாட்டுக்கடை

1973இல் நெடுஞ்சாலை ஓரத்தில் பிரையர்வுட் வணிக வளாகம் திறந்தது. இலவச வாகன நிறுத்தம், கூரைக்கு அடியில் கடைகள். மெயின் தெருவின் இரும்புக் கடைகளும் துணிக்கடைகளும் அடுத்த இருபதாண்டுகளில் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. க்ளைன்ஸ் என்ற துணிக்கடை 1994இல் மூடியது. மத்திய மேற்கில் நூற்றுக்கணக்கான ஊர்களில் இதே கதை நடந்தது. பெரும்பாலானவற்றில் மெயின் தெரு பலகை அடித்த கண்ணாடிகளோடு நின்றுவிட்டது. ஆன் ஆர்பரில் அப்படி ஆகவில்லை. 1982இல் நகராட்சி ஒரு மைய வளர்ச்சி ஆணையத்தை அமைத்தது. நகர மையத்தில் புதிதாகக் கூடும் வரியில் ஒரு பங்கை அங்கேயே செலவிடும் ஏற்பாடு அது; அந்தப் பணத்தில் அடுக்கு வாகன நிறுத்தங்களும் அகலமான நடைபாதைகளும் வந்தன. கூடவே, சம்பளம் தவறாத பேராசிரியர்களும் மருத்துவர்களும் சாயங்காலம் வெளியே சாப்பிட வந்தார்கள். துணிக்கடைகள் இருந்த இடங்களில் உணவகங்கள் முளைத்தன.

அதே 1982இல் கெர்ரிடவுன் பகுதியில் ஆரி வெயின்ஸ்வெய்க்கும் பால் சாஜினாவும் ஜிங்கர்மன்ஸ் என்ற சாண்ட்விச் கடையைத் தொடங்கினார்கள். கடை பெயர்பெற்றதும் நாடெங்கும் கிளை திறப்பதே அமெரிக்க வழக்கம். இவர்கள் மறுத்துவிட்டு, இதே ஊரில் ரொட்டிக்கு ஒன்று, பாலாடைக்கட்டிக்கு ஒன்று, காபிக்கு ஒன்று என்று வேறு வேறு தொழில்களைத் தொடங்கினார்கள். பார்டர்ஸ் நேர் எதிர்த் திசையில் போனது. டாம், லூயிஸ் பார்டர்ஸ் என்ற சகோதரர்கள், பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், 1971இல் தொடங்கிய கடை அது. எந்தப் புத்தகம் எவ்வளவு விற்கிறது என்று கணித்துச் சொல்லும் ஒரு கணினி முறையை வடிவமைத்தார்கள். கடையின் உண்மையான சொத்து அதுதான். 1992இல் கேமார்ட் என்ற பெரிய சில்லறைக் கடை நிறுவனம் அதை வாங்கியது. உச்சத்தில் அந்த நிறுவனத்தின் வெவ்வேறு பெயர்களில் 1,200க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. தலைமையகம் மட்டும் ஆன் ஆர்பரிலேயே இருந்தது. 2001இல் தன் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்த முடிவை இன்று படித்தால் நம்புவதற்குச் சிரமமாக இருக்கிறது. 2011 பிப்ரவரியில் திவால் மனு, செப்டம்பரில் முழுக் கதவடைப்பு.

புத்தகத்தோடு இந்த ஊருக்கு இன்னொரு உறவும் இருந்தது. வெளியே அதிகம் தெரியாது. குறைந்த பிரதிகளில் அச்சிடும் கல்விப் புத்தகங்களுக்கு ஆன் ஆர்பர் வட்டாரம் அமெரிக்காவின் முக்கியமான மையங்களில் ஒன்று. 1893இல் சட்டக் கல்லூரி மாணவர்களான இரு சகோதரர்கள் வகுப்புக் குறிப்புகளைப் பிரதியெடுத்து விற்கத் தொடங்கியதிலிருந்து எட்வர்ட்ஸ் பிரதர்ஸ் அச்சகம் வளர்ந்தது. 2012இல் அது மல்லாய் என்ற இன்னொரு உள்ளூர் அச்சகத்தோடு இணைந்தது, 2018இல் மூடப்பட்டது. ஸ்டேட் தெருவின் தெற்கே இருந்த அதன் ஏறத்தாழ 17 ஏக்கர் இடத்தை அதற்கு முன்பே, 2014இல், 1.28 கோடி டாலருக்குப் பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது. அந்த நிலத்தை முதலில் வாங்கும் உரிமை நகராட்சிக்கு இருந்தது. கவுன்சில் விவாதித்துவிட்டு விட்டுக்கொடுத்தது. அன்றிலிருந்து அந்த நிலம் வரிப் பட்டியலில் இல்லை.

2007 முதல் 2011 வரை

ஆன் ஆர்பரின் இன்றைய அமைப்பைப் புரிந்துகொள்ள இந்த நான்கைந்து ஆண்டுகளைப் பார்த்தால் போதும் என்பேன். வடகிழக்கே பிளிமத் சாலையில் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்தின் ஆய்வகம் பல பத்தாண்டுகளாக இருந்தது. கொழுப்பைக் குறைக்கும் லிப்பிட்டார் மருந்து எண்பதுகளில் உருவானது அங்கேதான். உலகிலேயே அதிகம் விற்ற மருந்துகளில் அது ஒன்று. பார்க்-டேவிஸின் உரிமை வார்னர்-லாம்பர்ட்டுக்குப் போனது. 2000இல் அதையே ஃபைசர் விழுங்கியது. லிப்பிட்டார் முழுசாகத் தன்னுடையதாக வேண்டும் என்பதே அந்தக் கொள்முதலின் பெரிய நோக்கம். 2007 ஜனவரியில், அந்த மருந்து பிறந்த ஆய்வகத்தையே மூடப்போவதாக ஃபைசர் அறிவித்தது. ஏறத்தாழ 2,100 பேருக்கு வேலை போயிற்று. நகரத்தில் அதிகமாகச் சொத்து வரி கட்டிய நிறுவனம் ஃபைசர்தான்.

2009இல் பல்கலைக்கழகம் அந்த 174 ஏக்கரையும் அதிலிருந்த சுமார் முப்பது கட்டிடங்களையும் 10.8 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று வடக்கு வளாக ஆய்வு மையம் என்ற பெயரில் அங்கே ஆராய்ச்சி மீண்டும் நடக்கிறது. ஃபைசர் போனதன் வடுவே தெரியவில்லை என்று ஊரார் பெருமைப்படுவார்கள். வேலைவாய்ப்பு என்ற கணக்கில் அது சரி. நகராட்சியின் கணக்கில் வடு நன்றாகத் தெரிகிறது: மிகப்பெரிய வரிதாரர் போய், அதே இடத்தில் வரி செலுத்தத் தேவையில்லாதவர் வந்து உட்கார்ந்தார். அந்தக் கட்டிடங்களுக்குப் போகும் சாலையை யார் போடுவது, தீப்பிடித்தால் யார் ஓடுவது என்ற கேள்விக்கு மட்டும் பதில் மாறவில்லை. அரசுக் கட்டிடங்களின் தீயணைப்புச் செலவுக்கென மாநிலம் ஒரு மானியம் தருகிறது. அது முழுத் தொகையாக வரும் வருடங்கள் குறைவு.

அதே 2009 ஜூலையில், 1835இல் தொடங்கிய ஆன் ஆர்பர் நியூஸ் நாளிதழாக வெளிவருவதை நிறுத்திக்கொண்டது. படித்தவர்கள் விகிதத்தில் நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் ஊரில், மாணவர்கள் நடத்தும் பத்திரிகையைத் தவிர, ஒரு நாளிதழும் இல்லாமல் போனது. இணையதளமும் வாரம் இரண்டு அச்சுப் பதிப்பும் அந்த இடத்துக்கு வந்தன. கட்டிடக் கலைஞர் ஆல்பர்ட் கான் வடிவமைத்த பத்திரிகை அலுவலகம் இன்று பல்கலைக்கழகத்தின் பெயர் தாங்கிய கடன் சங்கத்தின் தலைமையகம். ஷாமன் டிரம் என்ற அருமையான கல்விப் புத்தகக் கடையும் அந்த ஆண்டே மூடியது. பாடப்புத்தக விற்பனையில் வந்த காசில்தான் அது தத்துவமும் மானுடவியலும் விற்றுவந்தது; பாடப்புத்தகம் இணையத்துக்குப் போனதும் மற்றவற்றைத் தாங்க ஆளில்லை.

2010இல் கணக்கெடுப்பு வந்தபோது மக்கள்தொகை 1,13,934. பத்தாண்டுகளில் தொண்ணூறு பேர் குறைந்திருந்தார்கள். இதே பத்தாண்டுகளில் மாணவர் எண்ணிக்கை சுமார் 38,000இலிருந்து சுமார் 42,000ஆகக் கூடியிருந்தது. ஊர் பெருகவே இல்லை, மாணவர்கள் நாலாயிரம் பேர் கூடிவிட்டார்கள் என்றால், யாரோ நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார்கள்.

மாணவர் யார் என்பது மாறியது

இங்கேதான் பல்கலைக்கழகத்தின் வரவு செலவுக்குள் நுழைய வேண்டும். 1960இல் பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மாநில அரசு கொடுத்தது. கார்த் தொழில் சரியச் சரிய மாநிலத்தின் கை சுருங்கியது. இப்போது அந்தப் பங்கு ஏழில் ஒன்றுக்குப் பக்கம். இடைவெளியைக் கல்விக் கட்டணம் நிரப்பியது. அதிலும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம். உள்மாநில மாணவரைவிட அவர்கள் மூன்று மடங்கு அல்லது அதற்கும் மேல் கட்டுகிறார்கள். இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்று மிச்சிகனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள். 2023 இலையுதிர் பருவத்தில் மொத்த மாணவர் எண்ணிக்கை 52,000ஐத் தாண்டியது.

நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியாவிலிருந்து பெரும் கட்டணம் செலுத்திப் பிள்ளையை அனுப்பும் குடும்பம் வாடகைக்கும் அதே கணக்கில் பணம் வைத்திருக்கிறது. டெட்ராய்ட் புறநகரிலிருந்தும் மாநிலத்தின் வடபகுதியான மேல் தீபகற்பத்திலிருந்தும் வந்த பழைய மாணவர்களுக்குத் தாழ்வாரச் சோபாவும் ஒழுகும் கூரையும் போதுமாக இருந்தன. புதியவர்களுக்கு உடற்பயிற்சிக் கூடமும் மொட்டைமாடி வெந்நீர்த் தொட்டியும் உள்ள அடுக்குமாடி தேவைப்பட்டது, அல்லது தேவைப்படும் என்று கட்டுமான நிறுவனங்கள் கணித்தன. கணிப்பு பொய்க்கவில்லை.

சட்டமும் அதே நேரத்தில் வழிவிட்டது. 2009இல் நகராட்சி மையப் பகுதிக்குப் புதிய கட்டிட விதிகளை நிறைவேற்றியது. மனையின் பரப்பைப்போல் நான்கு மடங்கு தளப்பரப்பு எல்லோருக்கும். வீடுகள் கட்டினால் ஏழு மடங்கு வரை. குடும்பங்கள் நகர மையத்தில் குடியேறும், தெருக்கள் இரவிலும் உயிரோடு இருக்கும் என்பது நோக்கம். விதியில் குடும்பம் என்று எங்கும் எழுதவில்லை. கட்டுமானக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: வீடு வீடாக வாடகைக்கு விடுவதைவிட, நாலைந்து படுக்கையறை போட்டுப் படுக்கை வாரியாக மாணவர்களுக்கு விட்டால் லாபம் அதிகம். சவுத் யூனிவர்சிட்டி தெருவில் மாணவர்கள் ஒயினும் நொறுக்குத்தீனியும் வாங்கிய வில்லேஜ் கார்னர் என்ற பழைய கடை இருந்த மூலையில், 2012இல் 14 மாடி லேண்ட்மார்க் எழுந்தது. அதற்குப் பிறகு வளாகத்தைச் சுற்றி வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று அடுக்குமாடிகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,23,851 ஆனதற்கு இவையும் முக்கிய காரணம்.

பல்கலைக்கழகம் தானே கட்டியவற்றில் மங்கர் பட்டதாரி விடுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாரன் பஃபெட்டின் கூட்டாளி சார்லஸ் மங்கர் 2013இல் 11 கோடி டாலர் நன்கொடை அளித்தார். வடிவமும் அவர் விருப்பப்படியே அமைந்தது: அறுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலான படுக்கையறைகளுக்கு ஜன்னல் கிடையாது. பொது அறையில் வெளிச்சம் இருந்தால் மாணவர்கள் வெளியே வந்து பழகுவார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். 2015இல் திறந்த அந்தக் கட்டிடத்துக்காக, 1953 முதல் அதே மூலையில் ஹாம்பர்கர் சுட்டுவந்த பிளிம்பி பர்கர் இடிக்கப்பட்டது. கடை வேறு தெருவில் பிழைத்துக்கொண்டது. ஜன்னலைப் பற்றிய முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. எனக்கும் அதில் முணுமுணுப்பவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது.

கல்லூரி நகரம் என்ற பெயரே இப்போது பாதிதான் பொருந்துகிறது. 1986இல் திறந்த புதிய பல்கலைக்கழக மருத்துவமனையும் 2011இல் வந்த மாட் குழந்தைகள் மருத்துவமனையும் அவற்றைத் தொடர்ந்த விரிவாக்கங்களும் சேர்ந்து, ஹ்யூரான் ஆற்றுக்கு மேலே தனி நகரமாகவே நிற்கின்றன. செவிலியர்கள், பரிசோதனைக் கூடத்தார், துப்புரவுப் பணியாளர்கள் என்று பல்லாயிரக்கணக்கானோர் தினமும் வெளியூர்களிலிருந்து காரில் வருகிறார்கள். மிச்சிகன் சட்டப்படி நகரங்கள் ஒரு சிறு வருமான வரி விதிக்கலாம், வெளியூரிலிருந்து வந்து வேலை செய்பவர்களிடமும் பாதி விகிதத்தில் வாங்கலாம். டெட்ராய்ட் வாங்குகிறது. ஆன் ஆர்பரில் இந்தப் பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை எழுந்து, எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடும்.

தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்த கதை சுருக்கமானது. இந்தப் பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜின் கூகுள் 2006இல் இங்கே அலுவலகம் அமைக்கப்போவதாக அறிவித்து, ஐந்தாண்டுகளில் ஆயிரம் வேலை என்றது. ஊரின் உற்சாகம் அந்த எண்ணை வேகமாக முந்திக்கொண்டது. 2010இல் இங்கே தொடங்கிய டுவோ செக்யூரிட்டியை 2018இல் சிஸ்கோ 235 கோடி டாலருக்கு வாங்கியது. சம்பளம் அதிகம், ஆட்கள் குறைவு, வாடகை மேலும் ஏறியது. கார் ஆய்வு மையங்கள், மருத்துவமனை, முதுநிலைப் படிப்பு மூன்றும் சேர்ந்து ஆசியர்களின் பங்கையும் உயர்த்தின. 2020இல் ஏறக்குறைய ஆறில் ஒருவர். பிளிமத் சாலையோரக் கடைகளில் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கிடைப்பது அங்கே படிக்கப் போன தமிழ் மாணவர்களுக்குப் புதிய செய்தியாக இருக்காது.

இடம் கொடுத்தவர்கள்

கெர்ரிடவுனும் அதன் வடக்கே உள்ள தெருக்களும் ஐம்பதுகள், அறுபதுகளில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. வேறு இடத்தில் அவர்களுக்கு வீடு விற்க மாட்டார்கள் என்பதால் அங்கே வாழ்ந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்த ஜோன்ஸ் பள்ளி, இனப் பிரிவினை கூடாது என்ற நல்ல நோக்கத்தோடு 1965இல் மூடப்பட்டது. பிள்ளைகள் ஊரெங்கும் பஸ்ஸில் அனுப்பப்பட்டார்கள். கட்டிடத்தில் 1972 முதல் நடக்கும் கம்யூனிட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கப் பெற்றோர் போட்டிபோடுகிறார்கள். வடக்குத் தெருக்களுக்கு 2011இல் ஓர் இசை விழா மூலம் வாட்டர் ஹில் என்ற புதுப்பெயர் வந்தது. வீட்டுத் தரகர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். நகர மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 1990இல் சுமார் 9 சதவீதம். 2020இல் சுமார் 7.

அவர்களில் பலர் போனது கிழக்கே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கும் யிப்சிலாண்டிக்கும் அதைச் சுற்றிய பகுதிகளுக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்கள் தயாரித்த வில்லோ ரன் ஆலை அங்கே இருந்தது. போருக்குப் பிறகு அதில் கார் உதிரிபாகங்கள் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் 2010இல் கதவை மூடியது. ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரு முனையில் வீடு கிடைக்கவில்லை, மறுமுனையில் வேலை கிடைக்கவில்லை. நடுவே ஓடும் வாஷ்டெனாவ் சாலை காலை மாலை நெரிசலில் திணறுகிறது.

ஆன் ஆர்பர் வாக்காளர்கள் ஏழைகளுக்கு எதிரானவர்கள் அல்லர். வரி கேட்டால் ஏறத்தாழ எப்போதும் தருவார்கள். 2003இல் நகரைச் சுற்றிய வயல்வெளியைக் காக்க முப்பது ஆண்டு வரி போட்டுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் இன்று வயலாகவே நிற்கிறது. 2020இல் மலிவு வீடுகளுக்கு, 2022இல் காலநிலைத் திட்டங்களுக்கு என்று தலா இருபது ஆண்டு வரி. ஆனால் வெளியே விரியும் வழியை வயல் வளையம் அடைத்த பிறகு, மேலே உயரும் வழியையும் அடைத்தால் விலை ஏறத்தானே செய்யும்? இந்தச் சின்னக் கணக்கு பல வருடங்கள் பொதுக்கூட்டங்களில் எடுபடவில்லை. மாநிலச் சட்டம் இன்னும் இறுக்கியது. 1988 முதல் வாடகைக் கட்டுப்பாடு மிச்சிகன் முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1994இன் வரிச் சீர்திருத்தம் வீட்டின் வரிமதிப்பு வருடத்துக்கு விலைவாசி அளவுக்கே, அதிகபட்சம் 5 சதவீதமே ஏறலாம் என்றது. வீடு கைமாறினால்தான் முழு மதிப்பு. 1985இல் வாங்கியவரும் சென்ற வருடம் வாங்கியவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வெவ்வேறு வரி கட்டுகிறார்கள். பழையவருக்கு வீட்டைவிட்டு நகர எந்தக் காரணமும் இல்லை. ஆகஸ்ட் தேர்தலில் வாக்களிக்கக் காரணம் நிறைய உண்டு.

நூலகத்துக்குப் பக்கத்து மனை இந்த இழுபறி முழுவதையும் தாங்கியது. 2012இல் அங்கே தரைக்கடியில் வாகன நிறுத்தம் கட்டினார்கள், மேலே உயரமான கட்டிடம் வரும் என்று அடித்தளத்தையும் அதற்கேற்ப வலுவாகப் போட்டார்கள். 2017இல் 17 மாடித் திட்டத்துக்கு நிலத்தை விற்கக் கவுன்சில் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள்; 2018 நவம்பரில், அந்த மனை எப்போதும் பொதுப் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று வாக்காளர்கள் சுமார் 53 சதவீதத்தில் சாசனத்தைத் திருத்தினார்கள். பூங்கா வரவில்லை. கார் நிறுத்தும் கான்கிரீட் தரையாகவே பல வருடங்கள் கிடந்தது.

இதற்கிடையில் கவுன்சிலின் போக்கு மாறியது. 2022இல் புதிய கட்டிடங்களுக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை நகரம் முழுவதும் ரத்து செய்தார்கள். பிரையர்வுட் பக்கத்து வெற்று வாகன நிறுத்தங்களில் உயரமான வீடுகள் கட்ட வழிசெய்தார்கள். பல்கலைக்கழகமும் பல பத்தாண்டுத் தயக்கத்தை விட்டு, எல்பெல் மைதானத்தில் சுமார் 2,300 பேர் தங்கும் விடுதி வளாகத்தைத் தொடங்கியது. அது நிரம்பினாலும், இருபதாண்டுகளில் கூடிய மாணவர்களில் பெரும்பகுதிக்கு வெளியேதான் இடம் தேட வேண்டும். இலையுதிர் காலத்தில் ஊருக்கு வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே அடுத்த ஆண்டு வீட்டுக்கு ஒப்பந்தம் போடும் பரபரப்பு இதனால்தான்.

2025 ஆகஸ்டில் நூலக மனை மறுபடி வாக்குச்சீட்டில் வந்தது. பூங்கா விதியை நீக்குவதா, நிலத்தை நூலகத்துக்கு விற்பதா என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் ஆம் என்றார்கள். புதிய நூலகத்தின் மேல் வீடுகள் வர வேண்டும் என்பது திட்டம். ஆகஸ்ட் மாத வாக்காளர்கள், அதே வீட்டுக்காரர்கள். ஏழு வருடங்களில் மனம் மாறியிருக்கிறார்கள். அந்த மனைக்கு மட்டும் மாறினார்களா, தங்கள் தெருமுனைக்கும் சேர்த்து மாறினார்களா என்பது ஒவ்வொரு தெருவிலும் மூன்று நான்கு மாடி வீடுகளை அனுமதிக்கும் பேச்சு வரும்போது தெரிந்துவிடும்.